விழத் தெரிந்தவள்

2019 ஏப்ரல் 8, திங்கட்கிழமை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, முதல் இரண்டு பீரியடுக்கு வர முடியாது என்று காலையிலேயே துறைத்தலைவருக்குச் செய்தி அனுப்பினேன். பொய்தான். அம்மா நன்றாக இருந்தாள். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, முகம் கழுவி, டீ போட்டுக் குடித்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து டிவிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் கல்மண்டபத்து வீட்டில் அம்மா டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை அவள் இடம் சமையற்கட்டு வாசற்படி. உடம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே.

டிவியில் ஓடிக்கொண்டிருந்தது ரெஸில்மேனியா. அமெரிக்காவின் டபிள்யூ டபிள்யூ இ நிறுவனம் 1985 முதல் வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும் மல்யுத்தத் திருவிழா. இம்மாதிரி நிகழ்ச்சிகளை அங்கே ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு கட்டித்தான் வீட்டில் பார்க்க முடியும் என்று நெடுநாள் வைத்திருந்தார்கள். நமக்கு அப்போதெல்லாம் கேபிள் காசிலேயே வந்துவிட்டது. நியூஜெர்ஸியில் ஞாயிற்றுக்கிழமை இரவு நடப்பது நமக்குத் திங்கட்கிழமை காலை. அந்த வருஷம் முப்பத்தைந்தாவது திருவிழா. அன்றுதான் முதல் தடவையாகக் கடைசிச் சண்டையைப் பெண்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த உலகத்தில் கடைசிச் சண்டைக்குத்தான் முதல் மரியாதை. அயர்லாந்துக்காரி பெக்கி லின்ச், 2008 ஒலிம்பிக்கில் ஜூடோவில் வெண்கலம் வாங்கிய ரோண்டா ரௌஸி, பழைய சாம்பியன் ரிக் ஃப்ளேரின் மகள் சார்லட் ஃப்ளேர். மூன்று பேர், இரண்டு சாம்பியன் பெல்ட். ஜெயிப்பவளுக்கு இரண்டும்.

அம்மாவுக்கு இந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. அண்ணன் மகன் சொல்லிக்கொடுத்துப் பார்த்துத் தோற்றுப்போனான். பெக்கி அவளுக்கு 'செம்பட்டத் தலக்காரி'. சார்லட் 'நெட்டச்சி'. ரோண்டா 'மொறைக்கிறவ'. "செம்பட்டத் தலக்காரிதான் ஜெயிப்பா, நீ வேணா பாரு" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளோடு உட்கார்ந்து அந்தச் சண்டையைப் பார்க்கத்தான் நான் பொய் சொன்னேன். அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருபத்தைந்து வருஷமாக என்னிடம் பாக்கி இருந்தது.

எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. 1993. அப்பா போனஸ் காசில் சாலிடேர் கலர் டிவி வாங்கிப் போட்டிருந்தார். அவருக்கு ஹார்பரில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தோளில் ஏதாவது ஒரு தூள் படிந்திருக்கும். ராயபுரத்து ஆண்கள் பலரையும்போல அவருக்கும் குத்துச்சண்டை என்றால் உயிர். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பேச ஆரம்பித்தால் ராத்திரிச் சோறு ஆறிப்போகும். அந்தக் கதைகளில் வருகிற எல்லோரும் ஆண்கள். கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர் பெயர்கூட அப்பாவுக்குத் தெரியும். அந்தச் சண்டைக்காரர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட ஒருத்தியின் பெயரும் தெரியாது.

அப்போது அதற்கு டபிள்யூ டபிள்யூ எஃப் என்று பெயர். அண்ணனும் தெருப் பையன்களும் சட்டைப்பையில் அந்த அட்டைக்கட்டை வைத்துக்கொண்டு அலைவார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வீரனின் படம், உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, போட்ட சண்டை, ஜெயித்த சண்டை. மார்பளவை உரக்கச் சொல்லி ஒருவர் பெருமைப்பட முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன். தாவணி போடச் சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டிருந்த வருஷம் அது. அண்ணன் வைத்திருந்த கட்டில் ஒரு பெண் படமும் கிடையாது. அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவன் என்று பையன்கள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுவார்கள்.

"டுபாக்கூர் சண்டடா இது" என்பார் அப்பா. "எவன் ஜெயிப்பான்னு முன்னாடியே பேசி வெச்சிக்கினு ஆட்றானுங்க. நம்மாளு ஒரு குத்து வுட்டான்னா தெரியும்." சொல்லிவிட்டு, முடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

அப்பா சொன்னது சரிதான். எங்களுடையது போட்டி அல்ல, கேளிக்கை என்று 1989இலேயே அந்த நிறுவனம் நியூஜெர்ஸி மாநில சட்டமன்றத்தின் மேலவையில் ஒப்புக்கொண்டிருந்தது. விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்து விடுபட அது வசதியாக இருந்தது. யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். எழுதியதை நம்பும்படி செய்துகாட்டுவதுதான் கோதாவில் இறங்குகிறவர்களின் வேலை.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மறுநாள் இட்லிக்கு உளுந்து களைந்துகொண்டே பார்ப்பாள். வீட்டு வாசலில் அவள் போட்ட இட்லிக் கடைதான் எங்கள் ஸ்கூல் ஃபீஸ். அவளுக்குப் பிடித்தவன் பிரெட் ஹார்ட். ரோஸும் கறுப்புமாக உடுத்தி வருவான். அண்டர்டேக்கர் வரும்போது பையன்கள் கத்துவார்கள். ரோஸ் கலர்க்காரன் வரும்போது அம்மா உளுந்து களைவதை நிறுத்துவாள்.

"அவன் மத்தவன எப்டி எறக்கறான் பாரு" என்பாள் என்னிடம் மட்டும், மெதுவாக. "தூக்கறவன் தனியா தூக்கல பாப்பா. விழறவன்தான் எகிறிக் குடுக்கறான். கீழ வரும்போது இவன் அவன் தலைய பத்திரமா புடிச்சிக்கறான் பாத்தியா? விழறவன் தாடைய நெஞ்சோட ஒட்டிக்கினு, கைய வெரிச்சி தரையில தட்றான். அப்பதான் மண்டையில அடி எறங்காது."

பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டபோது அம்மா சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அந்த மேடை இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் கொஞ்சம் நுரைமெத்தை, அதற்கு மேல் கித்தான். பஞ்சு மெத்தை இல்லை. வலி இருக்கிறது. விழுவதற்குத்தான் முதலில் பழக்குகிறார்கள். முகவாயை மார்போடு சேர்த்துக்கொள், மேல்முதுகு முழுக்கத் தரையில் படட்டும், கைகளை விரித்துத் தட்டு, அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவும். அடிக்கிறவனுக்கும் பாடம் உண்டு. எதிராளி தன் உடம்பை உன்னை நம்பிக் கொடுக்கிறான், அதை முழுசாகத் திருப்பிக் கொடுப்பது உன் பொறுப்பு. தன்னோடு மோதிய யாரையும் படுகாயப்படுத்தியதில்லை என்பதைத்தான் பிரெட் ஹார்ட் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். எத்தனை பெல்ட் என்பது அதற்கு அடுத்ததுதான்.

பள்ளிக்கூடம் பக்கமே போகாத அம்மா இதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும்.

அப்பா குடித்துவிட்டு வருகிற இரவுகள் மாதத்தில் நான்கைந்து இருக்கும். தெருமுனையில் அவர் செருப்புச் சத்தம் மாறியிருப்பதை வைத்தே அம்மா தயாராவாள். முதலில் ஸ்டவ்வை அணைப்பாள். அருவாமனையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். சில்வர் குடத்தை மூலைக்கு நகர்த்துவாள். எங்களைச் சுவரோரம் படுக்கவைத்துப் போர்த்திவிடுவாள். பிறகு அரிசி மூட்டைக்கு முதுகு காட்டி நிற்பாள். கோதாவைச் சுத்தம் பண்ணுகிறாள் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. முதல் அடி விழுவதற்கு முன்பே கத்திவிடுவாள். கை அவள்மேல் படும்போதே மூட்டைமேல் சாய்ந்துவிடுவாள், தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு. அப்பாவுக்கு அதுதான் வெறி ஏற்றும். "நடிக்காதடி" என்பார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு "நடிக்காதடி."

பக்கத்து வீட்டு ஆயா சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவாள். "புருஷன் பொஞ்சாதி சண்ட. நாம போயி நின்னா நாளைக்கு அவங்க ஒண்ணாயிடுவாங்க, நம்ம மூஞ்சிதான் கெட்டுப்பூடும்" என்று காலையில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது மற்றவர்களிடம் சொல்வாள். அதே வரிசையில் ஒரு குடம் முன்னால் போய்விட்டால் பெண்கள் போடுகிற சண்டைக்குத் தெருவே கூடும். ஆண்கள் மாடியிலிருந்து சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். கொட்டகைக்குள் ஆண்கள் போட்டால் ரோஷம். குடிதண்ணீருக்குப் பெண்கள் போட்டால் குழாயடிச் சண்டை, வேடிக்கை. வீட்டுக்குள் ஒருத்தி அடி வாங்கினால் அது சண்டைக்கணக்கிலேயே வராது.

இப்போது என் பாக்கியைச் சொல்கிறேன். ஒரு நாள் இரவு எல்லாம் அடங்கியபிறகு அம்மா என் பக்கத்தில் வந்து படுத்தாள். நான் தூங்கவில்லை. "அடி படறதுக்கு முன்னாடியே ஏம்மா கத்தற? அதனாலதான் அப்பாவுக்குக் கோவம் வருது" என்று கேட்டேன். பதின்மூன்று வயது. வகுப்பில் முதல் மாணவி. அம்மா பதில் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் நடிக்கிறாள் என்று நானும் நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு அவள் ஒரு காவல் நிலையத்துக்குப் போனாள். தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992இல் ஆயிரம் விளக்கில் தொடங்கியிருந்தது. நாங்கள் போனது அப்படிப்பட்டது அல்ல. மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோபமாகப் பேசவில்லை, நாற்காலிகூடக் கொடுத்தார். "காயம் எங்கம்மா?" என்றார். "ரத்தம் வந்துச்சா? தையல் கியல் போட்டாங்களா?" அம்மா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளைக் காட்டினாள். லேசாகச் சிவந்திருந்தது. "ராத்திரி பூரா அடிச்சான்ற, ஒரு கீறல்கூட இல்லையே" என்றார் அவர். பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி வரலாமா, வீட்டுக்குப் போய்ச் சமாதானமாக இரு என்று அனுப்பிவைத்தார்.

அம்மாவின் உடம்பில் காயம் இல்லாததற்குக் காரணம், அவளுக்கு விழத் தெரிந்திருந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவளே கற்றுக்கொண்ட வித்தை, அவள் பக்கச் சாட்சியத்தை அழித்துவிட்டது. இதை நான் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து, எனக்கென்று ஒரு வீடும் அதன் சண்டைகளும் அமையும்வரை ஆயிற்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்து 2006 அக்டோபரில் நடைமுறையானது. உடற்காயம் மட்டுமல்ல, சொல்லாலும் காசாலும் செய்கிற கொடுமையும் வன்முறைதான் என்று அது சொல்கிறது. வகுப்பில் அதைப் பேசும்போதெல்லாம் அந்த மேசையும் அந்த நாற்காலியும் நினைவுக்கு வரும். சட்டம் வந்தபோது அப்பாவுக்குக் கைநடுக்கம் வந்துவிட்டிருந்தது. அம்மாதான் ஊட்டிவிட்டாள்.

கோதாவில் ஜெயித்த பெண்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தபோது ஹமீதா பானு கிடைத்தாள். அலிகாரில் வாழ்ந்து 1940களிலும் 50களிலும் பேர் வாங்கியவள். என்னைக் கோதாவில் ஜெயிக்கிறவனைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்று 1954இல் ஆண் மல்லர்களுக்குச் சவால் விட்டாள். அந்த மே மாதம் பரோடாவில் பாபா பஹல்வானை 1 நிமிடம் 34 விநாடியில் சாய்த்தாள். ஊர் அவளை நம்பவில்லை. பேசிவைத்த சண்டை என்றார்கள். அவளுடைய போட்டிகளைத் தடுத்தபோது, அன்றைய பம்பாய் மாநில முதலமைச்சர் மொரார்ஜி தேசாய்க்கு முறையிட்டாள். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, ஏற்பாட்டாளர்கள் டம்மி ஆட்களை அவளுக்கு எதிரே நிறுத்துவதாகப் புகார் வந்திருக்கிறது என்று பதில் வந்தது. ஆண் ஜெயித்தால் பலம். பெண் ஜெயித்தால் டுபாக்கூர்.

அவளுக்கு ஐரோப்பா போய்ச் சண்டை போட ஆசை இருந்தது. போகக்கூடாது என்று அவளுடைய பயிற்சியாளர் கம்பால் அடித்துக் கைகளை முறித்தார் என்று அவளுடைய பேரன் பின்னாளில் பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருக்கிறார். கடைசிக் காலத்தில் பம்பாய்க்குப் பக்கத்தில் கல்யாணில் பால் விற்றுப் பிழைத்தாள். பஹல்வான்களால் முடியாததை வீடு செய்தது. கோதாவில் எதிராளியின் கையை எப்படிப் பிடிக்கலாம், எப்படிப் பிடிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. விதியை மீறினால் நிறுத்த ஒருவர் நிற்கிறார். வீட்டில் யார் நிற்கிறார்?

வீட்டில் மட்டும்தானா என்றும் கேட்க வேண்டும். 2023இல் நம் ஒலிம்பிக் மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகத்தும் சாக்ஷி மாலிக்கும் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர்மேல் பாலியல் துன்புறுத்தல் புகார். மே 28 அன்று காவல்துறை அவர்களைத் தெருவில் இழுத்துப்போவதை உலகமே பார்த்தது. அந்த வருஷம் டிசம்பரில் சாக்ஷி தன் மல்யுத்தக் காலணியை மேசைமேல் வைத்துவிட்டு விலகினார். நிஜச் சண்டை போட்டு நாட்டுக்குப் பதக்கம் வாங்கிவந்தவர்களின் வார்த்தைக்கே இந்த நிலைமை.

பொய்ச்சண்டைக்குத் திரும்புகிறேன். நான் கல்லூரியில் படித்த காலத்திலும் அதற்குப் பிறகும் டபிள்யூ டபிள்யூ எஃப்பில் பெண்களுக்கு இருந்தது எதிராளியின் மேலுடையைக் கிழித்தால் வெற்றி என்கிற மாதிரிப் போட்டிகள். பிற்பாடு அவர்களுக்கென்று கொடுத்த சாம்பியன் பெல்ட் ரோஸ் கலர் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருந்தது. 2015 பிப்ரவரியில் நான்கு பெண்கள் பங்கேற்ற ஒரு போட்டி அரை நிமிஷத்தில் முடிந்தது. பார்த்தவர்களே பொறுக்காமல் சமூக ஊடகங்களில் சத்தம் போட்டார்கள். அடுத்த வருஷ ரெஸில்மேனியாவில் பட்டாம்பூச்சி போய், ஆண்களுடையதைப் போன்ற பெல்ட் வந்தது. 2017இல் ஹரியானாவின் கவிதா தேவி சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு அந்தக் கோதாவில் இறங்கினார். அங்கே சண்டையிட்ட முதல் இந்தியப் பெண். அந்தச் சண்டையில் தோற்றார். அந்த வீடியோவை என் மாணவிகள் நாற்பது தடவை பார்த்திருப்பார்கள். 2018 அக்டோபர் 28இல் பெண்கள் மட்டுமே மோதிய ஒரு முழு நிகழ்ச்சி நடந்தது.

நிறுவனம் பெண்ணியம் பேசத் தொடங்கிவிட்டது என்று நினைக்கிற அளவுக்கு நான் அப்பாவி இல்லை. அந்த நிகழ்ச்சிக்கு ஐந்தே நாள் கழித்துச் சவூதி அரேபியாவில் நடத்திய பெரிய நிகழ்ச்சியில் ஒரு பெண்கூட கோதா ஏறவில்லை. விற்கும் என்று தெரிந்த இடத்தில் விற்றார்கள். ஆனால் அந்த அரை நிமிஷம் இருபது நிமிஷமானது அந்தப் பெண்கள் வாங்கிய அடியால், விழுந்த விழுகையால்.

பெக்கி லின்ச் உச்சத்துக்குப் போனதும் ஒரு காயத்தால்தான். 2018 நவம்பரில் ஒரு சண்டையில் எதிராளியின் குத்து தவறிப்போய் நிஜமாகவே முகத்தில் இறங்கி மூக்கு உடைந்தது. முகமெல்லாம் ரத்தத்தோடு கைகளை விரித்து நின்று சிரித்த அந்தப் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அன்றிலிருந்து அவளை எல்லோரும் நம்பினார்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அப்புறம் அந்த மேசையிலிருந்து வந்த கேள்வி காதில் விழுந்தது. ரத்தம் வந்துச்சா? பொய்ச்சண்டையிலும்கூட ஒருத்தியை நம்புவதற்கு நிஜ ரத்தம் வேண்டியிருக்கிறது.

புறநானூறு நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் 80 முதல் 85 வரையுள்ள பாடல்களில் நான் சற்று நின்றுவிடுவேன். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் ஆமூர் மல்லனோடு மோதுகிறான். சாத்தந்தையார் என்ற புலவர் கோதாவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலப் பாடுகிறார். ஒரு கால் எங்கே ஊன்றியது, மற்றொரு கால் எப்படி மடக்கியது என்று பிடிபிடியாகச் சொல்கிறார். அதே சண்டையை நக்கண்ணையார் என்ற பெண்ணும் பாடியிருக்கிறாள். அவள் அந்த இளவரசனை விரும்புகிறவள். தாய்க்கு அஞ்சுகிறாள், ஊர் அவைக்கு நாணுகிறாள். அவன் வெளியூர்க்காரன் என்பதால் கூட்டத்தில் சிலர் அவன் ஜெயித்தான் என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். இவள் சிலம்பு ஒலிக்க ஓடிவந்து, தன் வீட்டுப் பனைமரத்தின்மேல் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தன் கண்ணால் பார்க்கிறாள்.

"ஏன் மேடம் வீட்டு மரத்துகிட்டயே நின்னுட்டாங்க? இன்னும் நாலு அடி போயிருக்கலாமே?" என்று ஒரு வருஷம் ஒரு மாணவி கேட்டாள். திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். நான் களவு, அலர், நாணம் என்று ஆரம்பிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "அடுப்புல ஏதாவது வெச்சிருப்பாங்கடி." வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்தான். அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா சமையற்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலில் மூன்று நாற்காலி காலியாக இருந்தது.

கடைசிச் சண்டையைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் முடிவு செய்தேன்.

அந்தத் திங்கட்கிழமை நமக்கு ஒன்பதரையைத் தொட்டபோது அங்கே நள்ளிரவு. மணிக்கணக்காகக் கத்திக் களைத்த கூட்டம். சார்லட் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினாள். ரோண்டாவுக்கு மேடையிலேயே ராக் பாட்டு. பெக்கி நடந்து வந்தாள். "இவளுக்கு ஒண்ணும் கெடையாது பாரு, நடந்தே வரா" என்றாள் அம்மா. இருபது நிமிஷத்துக்கு மேல் நடந்தது. அம்மா யார் அடிக்கிறாள் என்று பார்க்கவே இல்லை. விழுகிறவளைத்தான் பார்த்தாள். ஒவ்வொரு தடவை ஒருத்தி முதுகு தரையில் பட்டபோதும் அம்மாவின் முகவாய் தானாக மார்பை நோக்கி இறங்குவதை நான் பார்த்தேன். அவளுக்கு அறுபத்தைந்து வயது. அவளை அடிக்க ஆள் இல்லாமல் போய்ப் பத்து வருஷம்.

முடிவு சடக்கென்று வந்தது. ரோண்டா தூக்கிப் போடப் போன பிடியை அப்படியே சுருட்டி பெக்கி அவளைத் தரையில் அமுக்கினாள். நடுவர் மூன்று எண்ணினார். எண்ணும்போது ரோண்டாவின் தோள் தரையை விட்டு மேலே இருந்ததுபோலத் தெரிந்தது. உலகம் முழுக்க அன்று அதைப் பற்றித்தான் சண்டை.

"தோளு மேலதான இருந்துச்சு? பாத்தியா?" என்றாள் அம்மா. அவளுடைய செம்பட்டத் தலக்காரி ஜெயித்தும் அவளுக்கு ஒப்பவில்லை.

"எல்லாம் முன்னாடியே எழுதி வெச்சதும்மா."

"எழுதி வெச்சத கூட ஒழுங்கா எண்ணத் தெரியல அந்தாளுக்கு."

டிவியில் பெக்கி இரண்டு பெல்ட்டையும் இரண்டு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அதுதான் தோதாக இருந்தது.

"நீ நடிக்கறன்னு அன்னைக்கு நானும் நெனச்சேன்மா. ஏன் முன்னாடியே கத்தறன்னு ஒன்ன கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"நடிச்சேன்தான்" என்றாள். "முன்னாடியே கத்தினா பக்கத்து வூட்டுக்குக் கேக்கும். கேட்டா ஒரு நாளாவது எவனாவது வருவான்னு. முன்னாடியே வுழுந்துட்டா நாலு அடி கொறையும். வுழுந்தவள அடிக்க குனியணும் பாரு, அதுக்குள்ள உங்கப்பாவுக்கு மூச்சு வாங்கும்." கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வலி நடிப்பு இல்ல."

என்னால் பேச முடியவில்லை. அவள் கை என் தலைமேல் வந்தது. தலையை வருடுவதற்கல்ல. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பிடிமானத்துக்கு.

"காலேஜுக்கு எத்தினி மணிக்கு போணும்? இட்லி ஊத்தட்டா?"

மூன்றாவது பீரியடுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன். மாடிப்படியில் துறைத்தலைவர் எதிரே வந்தார். அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அதில் பொய் இல்லை.